காத்து போனால் நிற்கும்

ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற பெயரைத் தமிழில் எங்கே தேடினாலும் டெஸ்லாவின் கதைக்குள்ளேதான் அகப்படும். எடிசனுக்கும் டெஸ்லாவுக்கும் சண்டை, நடுவில் காசு போட்ட முதலாளி ஒருவர், நயாகராவில் மின்சாரம், கதை முடிந்தது. யூடியூபில் பின்னணி இசையோடு ஆளுக்கு ஆள் இதையே சொல்கிறார்கள். அந்த மனிதர் மின்சாரத்தின் பக்கம் வருவதற்குப் பதினைந்து வருடம் முன்பே காற்றை வைத்துப் பெரிய ஆளாகிவிட்டவர், பெயரில் முந்நூற்று அறுபதுக்குமேல் காப்புரிமை வைத்திருந்தவர், அதில் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு ரயில் பிரேக் வால்வு. இதை ஒருவரும் சொல்லக் காணோம். சரி, நானே சொல்கிறேன்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இவருடைய வேலை புதிதல்ல. விடிய முதல் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியவுடன் பஸ்ஸை எடுக்க மாட்டார்கள். உள்ளே ஒரு பஸர் விடாமல் கத்திக்கொண்டிருக்கும், ட்ரைவர் எக்சிலேட்டரைக் கொஞ்சமாக மிதித்தபடி பிளேன்டீயைக் குடித்துக்கொண்டிருப்பார், கொண்டக்டர் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி என்று அடுக்கிக்கொண்டிருப்பார். ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று அவசரக்காரர் யாராவது கேட்டால் "காத்து ஏறட்டும்" என்பதுதான் பதில். காற்று அமுக்கம் காட்டும் மானியில் ஊசி மேலே போய் பஸர் ஓய்ந்தால்தான் பார்க்கிங் பிரேக்கை விடுவார்கள். அப்போது ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான கதை இருக்கிறது, அதில் மனிதர்கள் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள்.

வெஸ்டிங்ஹவுஸ் பிறந்தது 1846 இல், நியூயோர்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில். தகப்பன் விவசாயத்துக்கான இயந்திரங்கள் செய்யும் பட்டறைக்காரர். பெடியன் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போய்த் திரும்பி வந்து, 19 வயதில் சுழல் நீராவி எஞ்சின் ஒன்றுக்கு முதல் காப்புரிமையை எடுத்தான். அதற்கடுத்து, தடம்புரண்ட ரயில் பெட்டியைத் திரும்பவும் தண்டவாளத்தில் ஏற்றிவிடும் ஒரு கருவி. இப்படி ரயில்காரர்களோடு புழங்கிக்கொண்டிருந்த நாளில்தான் ஸ்கெனெக்டடிக்கும் ட்ரோய்க்கும் இடையில் இரண்டு சரக்கு ரயில்கள் நேருக்கு நேர் மோதிக் கிடந்ததைப் பார்த்தார். நேரான பாதை, மேடு பள்ளம் இல்லை, இரண்டு ட்ரைவர்களும் ஒருவரை ஒருவர் கண்டிருக்கிறார்கள். கண்டும் நிறுத்த முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்றால், அந்தக் காலத்தில் ட்ரைவரிடம் ரயிலை நிறுத்தும் வசதி கிட்டத்தட்ட இல்லை. எஞ்சினுக்கு மட்டும் ஏதோ ஒரு பிரேக். சரக்குப் பெட்டிகளுக்கு, ஒவ்வொன்றின் கூரையிலும் ஒரு இரும்புச் சக்கரம், அதைத் திருப்புவதற்கு ஆட்கள். ட்ரைவர் விசில் அடித்தால் அவர்கள் ஓடும் ரயிலின் கூரையில் எழும்பி ஓடி, ஒரு சக்கரத்தைத் திருகி இறுக்கி, அடுத்த பெட்டிக்குப் பாய்ந்து, அதையும் திருக வேண்டும். மழையிலும் இதுதான், பனி உறைந்த கூரையிலும் இதுதான். விழுந்து செத்தவர்களும் கால் போனவர்களும் அந்தத் தொழிலில் சாதாரணம். ஒரு ரயிலை நிறுத்துவதென்பது ட்ரைவர் நினைத்து நடக்கிற காரியமாக இல்லாமல் ஐந்தாறு பேரின் கைப்பலத்தையும் அதிர்ஷ்டத்தையும் நம்பிய காரியமாக இருந்தது.

வெஸ்டிங்ஹவுஸ் முதலில் சங்கிலியை யோசித்தார். எஞ்சினிலிருந்து ஒரு நீளச் சங்கிலியை இழுத்து எல்லாப் பெட்டியையும் ஒரேயடியாகப் பிடிப்பது. பெட்டி கூடக் கூடச் சங்கிலி தொய்கிறது. பிறகு நீராவி. எஞ்சினில்தான் தாராளமாக இருக்கிறதே என்று குழாயில் பின்னால் அனுப்பினால், குளிர்ந்த குழாயில் போகப் போகத் தண்ணீராகிவிடுகிறது. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சஞ்சிகைக்குச் சந்தா கட்டினார், அதில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் மொன் செனி சுரங்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அங்கே பாறையைத் துளைக்கும் கருவிகளை அமுக்கிய காற்றில் ஓட்டினார்கள். மூவாயிரம் அடிக் குழாயில் போயும் காற்று தன் வேலையைச் செய்தது. காற்று குளிர்ந்தாலும் காற்றுத்தான், தண்ணீராகாது. அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

1869 ஏப்ரல் 13 ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. அவருக்கு 22 வயது. எஞ்சினில் நீராவியால் ஓடும் ஒரு காற்றுப் பம்ப், பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி, அதிலிருந்து ரயிலின் கடைசி வரை ஒரு குழாய், பெட்டிக்குப் பெட்டி றப்பர் ஹோஸ், ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஒரு சிலிண்டர். ட்ரைவர் கைப்பிடியைத் திருப்பினால் தொட்டிக் காற்று குழாய்க்குள் போய் எல்லா சிலிண்டர்களையும் தள்ளும், சிலிண்டர் பிரேக் கட்டையைச் சக்கரத்தில் அழுத்தும். பிட்ஸ்பர்க்கில் சோதனை ஓட்டத்தின்போது சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் தண்டவாளத்தில் ஒரு குதிரை வண்டியும், குதிரை உதறி விழுத்திய வண்டிக்காரனும் இருந்ததாகவும், புது பிரேக்கைப் போட்டு அவனுக்குச் சில அடி தூரத்தில் ரயிலை நிறுத்தியதாகவும் சொல்வார்கள். நடந்திருக்கலாம். எல்லா வரலாற்றிலும் இந்தக் குதிரை வண்டி வந்துவிடும், வந்தவுடன் கண்டுபிடிப்பு முடிந்துவிட்டது போல எல்லோரும் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு இதில்தான் எரிச்சல், ஏனென்றால் அந்த முதல் பிரேக் ஒரு அரைகுறை.

அது எப்படி அரைகுறை என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் என் பெரியப்பா. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். ராத்திரிக் கோச்சியில் கடைசிப் பெட்டியில் வருவார், சீனன்குடா தாண்டியவுடன் தொப்பியைப் போட்டுக்கொள்வார், அந்தளவுக்கு ஒழுங்கு. அவருடைய பெட்டியில் ஒரு வட்ட மானி இருந்தது, பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஊசி இருபது அங்குலத்துக்குக் கிட்ட நிற்காமல் பச்சைக் கொடியை எடுக்க மாட்டார். நான் அது காற்று அமுக்கம் காட்டுகிற மானி என்று நினைத்துக் கேட்டேன்.

"காத்தில்ல தம்பி, காத்து இல்லாததைக் காட்டிற மீற்றர்" என்றார். "குழாய்க்குள்ள காத்து இல்லாத மட்டும்தான் கோச்சி ஓடும். உள்ள காத்து வந்துதெண்டா பிரேக் விழுந்திடும். ட்ரைவர் விட்டாலும் விழும், நான் இந்தக் கைப்பிடியைத் திறந்தாலும் விழும், நடுவில பெட்டி கழண்டு ஹோஸ் பிய்ஞ்சாலும் தானா விழும். ஒருத்தரும் ஒண்டும் செய்யத் தேவையில்ல."

இதுதான் வெற்றிட பிரேக். இலங்கை ரயில்வேக்கு ஆங்கிலேயர் கொடுத்துவிட்டுப் போனது. எஞ்சினும் பெட்டியும் ஒரே தொடராக வரும் புதிய பவர் செட்டுகளில் காற்று பிரேக் வந்துவிட்டது, ஆனாலும் தனி எஞ்சின் இழுக்கும் பெட்டிகளில் நெடுங்காலமாக வெற்றிடம்தான். சிலிண்டருக்குள் பிஸ்டனுக்கு மேலேயும் கீழேயும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை என்பதால் பிஸ்டன் தன் பாரத்தில் கீழே கிடக்கும், பிரேக் பிடிக்காது. குழாயில் காற்றை விட்டால் அது கீழ் அறைக்கு மட்டும் போகும், மேல் அறைக்குப் போகாமல் ஒரு சின்னக் குண்டு வால்வு தடுத்துவிடும். வெளியே இருக்கிற வளிமண்டலம் பிஸ்டனை மேலே தள்ளும், பிரேக் இறுகும். நாம் சும்மா நிற்கும்போது தலையில் இருக்கிற அதே காற்றுத்தான் ரயிலை நிறுத்துகிறது.

வெஸ்டிங்ஹவுஸின் 1869 பிரேக்கில் இது தலைகீழ். காற்றை அனுப்பினால்தான் பிடிக்கும். அப்படியென்றால் ஹோஸ் பிய்ந்த நிமிடத்திலிருந்து பிரேக் என்று ஒன்று இல்லை. ரயில் இரண்டாகப் பிரிந்தால் பின்பாதிக்கு ஒன்றுமில்லை, முன்பாதிக்கும் காற்று வெளியே போய்விடும். எப்போது பிரேக் மிக அவசரமாகத் தேவையோ சரியாக அப்போதுதான் அது இருக்காது. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் மட்டும் வேலை செய்யும் சாமான்.

அவருக்கே இது தெரிந்திருந்தது. மூன்று வருடத்தில், 1872 இல், மூவழி வால்வைக் கொண்டுவந்தார். நான் முதலில் சொன்ன வால்வு இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய சாமான், எனவே அவசரப்பட வேண்டாம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே சிலிண்டரோடு கூடவே ஒரு சின்னக் காற்றுத் தொட்டியையும் தொங்கவிட்டார். அதாவது பிரேக் போடத் தேவையான காற்று எஞ்சினிலிருந்து வரவேண்டியதில்லை, அந்தந்தப் பெட்டி தன் காற்றைத் தானே சுமந்துகொண்டு போகும். குழாய், தொட்டி, சிலிண்டர் மூன்றுக்கும் நடுவில் அந்த வால்வு. அதற்குள்ளே ஒரு பிஸ்டன், அதன் ஒரு பக்கம் குழாயின் அமுக்கம், மறுபக்கம் தொட்டியின் அமுக்கம். எஞ்சினிலிருந்து குழாய்க்குள் காற்று ஏறும்போது பிஸ்டன் ஒரு ஓரத்துக்குப் போய் ஒரு சின்னப் பள்ளத்தின் வழியாகக் காற்றைத் தொட்டிக்குள் விடும், சிலிண்டரில் இருப்பதை வெளியே விடும். ரயில் ஓடலாம். ட்ரைவர் குழாயில் கொஞ்சம் காற்றை வெளியே விட்டால் குழாய்ப் பக்கம் அமுக்கம் குறைகிறது, தொட்டிப் பக்கம் கூடிப்போகிறது, அந்த வித்தியாசமே பிஸ்டனை மறுபக்கம் தள்ளி, தொட்டியைச் சிலிண்டரோடு இணைத்துவிடுகிறது. பிரேக் விழுகிறது. கொஞ்சம் குறைத்தால் கொஞ்சம் பிடிக்கும், முழுக்க விட்டால் முழுக்கப் பிடிக்கும்.

இப்போது பாருங்கள், குழாயில் போவது பலம் அல்ல, செய்தி. "அமுக்கம் குறைந்துவிட்டது" என்ற செய்தி. பலம் ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறது. ஹோஸ் பிய்ந்தாலும், பெட்டி கழன்றாலும், எஞ்சினே கவிழ்ந்தாலும் அந்தச் செய்தி தானாகப் போய்ச் சேர்ந்துவிடும், ஏனென்றால் கெட்டுப்போவதுதான் செய்தியே. ஒரு பழுது நடந்தால் அந்தப் பழுதே பிரேக்கைப் போட வேண்டும் என்று 26 வயதுகூட நிரம்பாத ஒருவர் யோசித்திருக்கிறார். பெரியப்பா சொன்னதும் அதே யோசனைதான், ஒன்றில் காற்று வெளியே போவது, மற்றதில் உள்ளே வருவது.

ஹோஸ்களைத் தொடுத்த விதமும் அழகு. ஆண் பெண் என்று இரண்டு வகை முனைகள் கிடையாது, இரண்டும் ஒரே அச்சு, ஒன்றோடொன்றைச் சேர்த்து ஒரு திருகு, பூட்டிக்கொள்ளும். எந்தப் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் பொருந்தும். பெட்டி கழன்று இழுபட்டால் ஹோஸைக் கிழிக்காமல் தானாகவே விட்டுவிடும். பழைய பிரேக்கோடு வந்த பெட்டியைப் புதியதோடு சேர்த்து ஓட்ட வேண்டும் என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். துறைமுகப் பக்கம் போகும் கொள்கலன் லொறிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே சுருள் சுருளாகத் தொங்கும் ஹோஸ்களின் முனையைப் போய்ப் பாருங்கள், இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே உருவம்தான்.

அவர் வால்வு வந்து பதினேழு வருடத்துக்குப் பிறகும் உலகம் முழுக்கத் திருந்தவில்லை. 1889 ஜூன் 12, அயர்லாந்தில் ஆர்மா. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போன ரயில். ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த ரயிலில் இருந்தது வெற்றிட பிரேக்தான், ஆனால் தானாக விழாத வகை. குழாயைப் பிரித்தவுடன் பின்பாதிக்கு பிரேக் இல்லை. ஒரு கை பிரேக்கையும் சக்கரத்துக்கடியில் வைத்த கற்களையும் நம்பி விட்டார்கள். முன்பாதி புறப்படும்போது கொஞ்சம் பின்னால் வந்து தட்டியது, கற்கள் நொறுங்கின, பெட்டிகள் இறக்கத்தில் உருண்டு பின்னால் வந்துகொண்டிருந்த அடுத்த ரயிலில் மோதின. 80 பேர் செத்தார்கள், பிள்ளைகள் பலர். அதே வருடம் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டம் போட்டது, பயணிகள் ரயிலில் எல்லாப் பெட்டிக்கும் தொடர்ச்சியான, தானாக விழும் பிரேக் கட்டாயம். பெரியப்பாவின் மானிக்குப் பின்னால் ஆர்மாவின் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

அமெரிக்கா காற்றுக்குப் போனது, பிரித்தானியர் பெரும்பாலும் வெற்றிடத்துக்குப் போனார்கள், அவர்கள் பின்னால் இந்தியாவும் இலங்கையும். வெற்றிடம் மலிவு. நீராவி எஞ்சினில் பம்ப்பே தேவையில்லை, நீராவியை ஒரு கூம்புக்குள்ளால் பாய்ச்சினால் அதுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிடும், அசையும் பாகம் ஒன்றும் இல்லை, பழுதாக என்ன இருக்கிறது? ஆனால் பலத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. வளிமண்டலத்துக்கு மேல் ஒரு சொட்டும் கிடைக்காது. வளியமுக்கத்தை இரசத் தூணின் உயரத்தில் அளப்பார்கள், 21 அங்குல இரச வெற்றிடம் என்றால் சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தல் சொச்சம், வெஸ்டிங்ஹவுஸின் குழாயில் இருந்தது 70 இறாத்தல். அதனால்தான் வெற்றிட பிரேக் பெட்டிகளுக்கு அடியில் கல்யாண வீட்டு அண்டா மாதிரி பெரிய சிலிண்டர்கள் தொங்கும். இன்னொன்று, மலைக்குப் போனால் வளிமண்டலமே மெலிந்துவிடுகிறது. ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற பட்டிப்பொலவில் மொத்தமே 24 அங்குலம் அளவில்தான் காற்று இருக்கும், அதில் 21 ஐ உறிஞ்சி எடுப்பதென்றால் எஞ்சினுக்கு நாக்குத் தள்ளும். கடல்மட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு முழுசாக முப்பது. 1927 இல் கல்லோயாவிலிருந்து பிரித்துத் திருகோணமலைக்குப் போட்ட பாதை மலைப்பாதை இல்லை என்பதால் இந்தக் கஷ்டம் எங்களுக்குத் தெரியாது, சீனன்குடா ஆலையிலிருந்து கோதுமை மா ஏற்றிய பெட்டிகளை இழுத்துப்போனவர்களுக்கு வேறு கஷ்டங்கள்.

நீளமான சரக்கு ரயிலில் வரும் கஷ்டம் வெஸ்டிங்ஹவுஸையும் ஒரு தடவை விழுத்தியது. 1886 இலும் 87 இலும் அமெரிக்காவில் பர்லிங்டன் என்ற இடத்தில் ஐம்பது பெட்டி ரயில்களை வைத்து எல்லாக் கம்பனிகளின் பிரேக்குகளுக்கும் பரீட்சை நடந்தது. அவசர பிரேக் போட்டால் முன் பெட்டிகள் பிடித்துவிடும், செய்தி பின்னால் போய்ச் சேர்வதற்குள் பின் பெட்டிகள் வந்து முட்டி உள்ளே இருப்பவர்களைத் தூக்கி எறிந்துவிடும். இவருடையதும் அப்படித்தான் தோற்றது. சிலர் இனி மின்சாரம் சேர்த்தால்தான் சரிவரும் என்றார்கள். அவர் வால்வைத் திரும்ப வரைந்தார். அவசரத்தில் ஒவ்வொரு வால்வும் தன் இடத்திலேயே குழாய்க் காற்றைக் கொஞ்சம் வெளியே எடுக்கும்படி செய்தார், ஒன்று திறந்தால் அதுவே அடுத்ததைத் திறக்கும். 1887 முடிவதற்குள் அந்த ஐம்பது பெட்டி ரயிலை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினார். 1893 இல் ரயில்களுக்குக் காற்று பிரேக்கைக் கட்டாயமாக்கும் அமெரிக்கச் சட்டமும் வந்தது, கூரையில் ஓடிய ஆட்கள் கீழே இறங்கினார்கள்.

பாலையூற்றுப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணை இருக்கிறார், லொறி பஸ் மட்டும்தான் பார்ப்பார். அவரிடம் வெஸ்டிங்ஹவுஸைப் பற்றிச் சொன்னபோது, "அந்தாள் எங்கட கடற்கரையில பஸ் ஓட்டிப் பார்த்திருக்கோணும்" என்று சிரித்தார். பிறகு ஒரு பஸ்ஸுக்குக் கீழே கூட்டிப்போய் காற்றுத் தொட்டியின் அடியில் இருந்த சின்ன வளையத்தை விரலால் இழுத்தார். படீரென்று சீறிக்கொண்டு மண்ணிறத்தில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து சிமெந்து நிலத்தில் அடித்தது, அவர் முகத்தை ஏற்கெனவே திருப்பிவைத்திருந்தார், எனக்குத்தான் சட்டையெல்லாம். காற்றை அமுக்கினால் அதிலிருக்கும் ஈரம் தொட்டியில் தண்ணீராக இறங்கிவிடும். கடற்கரைக் காற்றில் ஈரமும் கூட, உப்பும் கூட. தினமும் வளையத்தை இழுத்துவிட வேண்டும், விடாவிட்டால் தொட்டி உள்ளுக்குள்ளே துருவேறி, தண்ணீர் வால்வுக்குப் போய், ஒரு நாள் கண்டி வீதியில் காலை வைத்தால் மிதி வெறுமையாக இறங்கும்.

பஸ்ஸின் பார்க்கிங் பிரேக்கில் வெஸ்டிங்ஹவுஸின் தொட்டிக்குப் பதிலாக ஒரு தடித்த ஸ்பிரிங் இருக்கிறது. இது பின்னால் வந்தவர்களின் வேலை, யோசனை அதே யோசனை. ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கைப் பிடிக்கத்தான் பார்க்கும், காற்று அதைப் பின்னால் தள்ளிப் பிடித்துவைத்திருக்கும். காற்று போனால் ஸ்பிரிங் விடுபட்டு பஸ் நின்றுவிடும். விடிகாலையில் காற்று ஏறும் வரை பஸ் அசையாததற்கும் இதுதான் காரணம். அந்த ஸ்பிரிங் இருக்கும் டப்பாவைத் தெரியாமல் கழற்றினால் ஆளைக் கொல்லும், அவ்வளவு பலம். அதை ஒரு நீள போல்ட்டைப் போட்டு இழுத்துக் கட்டிவைக்கவும் முடியும், பழுதான வண்டியை இழுத்துக்கொண்டு போவதற்காக அப்படி ஒரு வசதி. "இதைக் கட்டித் தாங்கோ, ட்ரிப் ஒண்டு இருக்கு, வந்து செய்யலாம் எண்டு வருவாங்கள்" என்றார் அண்ணை. காற்று எங்கேயோ கசிந்து பஸ் அடிக்கடி நின்றுவிடுகிறது, கசிவைத் தேட நேரமில்லை, நிற்காமல் பண்ணிவிட்டால் போதும். அவர் கட்டிக் கொடுப்பதில்லை. கட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த நாட்டில் இறக்கங்களில் நடக்கும் பஸ் விபத்துகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த போல்ட் ஞாபகம் வரும்.

தானாக விழும் பிரேக்கும் ஒரு இடத்தில் ஏமாற்றும், அதையும் சொல்லாவிட்டால் நான் விளம்பரம் எழுதியதாகிவிடும். மூவழி வால்வு சட்டென்று குறைகிற அமுக்கத்துக்குத்தான் அசையும். மெல்ல மெல்லக் கசிந்தால் அந்தச் சின்னப் பள்ளத்தின் வழியாகத் தொட்டியும் கூடவே இறங்கிவிடும், வித்தியாசம் உண்டாகாது, பிரேக் விழாது. அப்படி இல்லாவிட்டால் ஒவ்வொரு ஹோஸ் கசிவுக்கும் ரயில் நின்றுகொண்டிருக்கும், ஆகவே வேண்டுமென்றே வைத்ததுதான். 2013 ஜூலை 6, கனடாவில் கியூபெக் மாகாணம். எண்ணெய் ஏற்றிய 72 தாங்கிப் பெட்டிகளோடு ஒரு ரயிலை இரவில் சரிவான இடத்தில் நிறுத்திவிட்டு ட்ரைவர் தூங்கப் போனார். ஏழு கை பிரேக் மட்டும் இறுக்கப்பட்டிருந்தது, மிச்சப் பாரத்தை எஞ்சினின் தனி காற்று பிரேக் தாங்கியது. அது நேரடி வகை, காற்று இருக்கும் வரைதான் பிடிக்கும். எஞ்சினில் தீப்பிடித்தது, தீயணைப்பு ஆட்கள் வந்து அணைத்து எஞ்சினையும் நிறுத்திவிட்டார்கள். பம்ப் நின்றது, காற்று மெதுவாகக் கசிந்தது, ஒரு மணித்தியாலம் அளவில் ரயில் தானாக உருளத் தொடங்கி லாக் மெகான்டிக் நகரத்துக்குள் போய்க் கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் போனார்கள். பெட்டிகளின் தானியங்கி பிரேக்கைப் போட்டுவிட்டுப் போயிருக்கவில்லை. 1869 பிரேக்கின் குறை 144 வருடத்துக்குப் பிறகு வந்து ஆளைக் கொன்றிருக்கிறது.

காற்றோடு அவர் நிற்கவில்லை. 1884 இல் பிட்ஸ்பர்க்கில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே துளைபோட்டு இயற்கை வாயுவைக் கண்டுபிடித்தார், மனைவி அந்தத் தோட்டத்தைப் பார்த்து என்ன சொன்னாரோ. உடனே வாயுவை ஊருக்குக் கொண்டுபோகும் வேலையில் இறங்கி அதற்கும் முப்பதுக்கு மேல் காப்புரிமைகள். தூரத்துக்கு ஒடுங்கிய குழாயில் அதிக அமுக்கத்தில் அனுப்பி, ஊரை நெருங்க நெருங்கக் குழாயை அகலமாக்கி அமுக்கத்தைக் குறைப்பது அதில் ஒன்று. அமுக்கம் விழுந்து அடுப்பு அணைந்தபின் வாயு திரும்ப வந்தால் வீடு முழுக்க நிரம்பிவிடும் அல்லவா, அதனால் அமுக்கம் குறைந்தவுடன் தானாக மூடிக்கொண்டு, ஆள் வந்து கையால் திறக்கும் வரை மூடியே இருக்கும் வால்வு இன்னொன்று. அதே மூளை. 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் வெடித்த நாட்களில், சிலிண்டருக்குள் கலவை மாறி அமுக்கம் கூடியது என்று பேச்சு அடிபட்டபோது, எங்கள் வீட்டில் அம்மா சிலிண்டரைக் கிணற்றடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு விறகில் சமைத்தார். ரெகுலேட்டர் என்ற சாமானை ஊரே அப்போதுதான் முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தது.

கடைசியாக ஒன்று, ஏனென்றால் இங்கே பிரேக் என்று கதைத்தால் யாராவது கட்டாயம் கேட்பார்கள். கல்லோயா பக்கத்தில் யானை அடிபட்டது என்று செய்தி வரும் ஒவ்வொரு தடவையும் "ட்ரைவர் பிரேக் போட்டிருக்கலாமே" என்று எழுதுகிறார்கள். போட்டிருப்பார். 1878 இல் இங்கிலாந்தில் கேப்டன் டக்ளஸ் கால்டன் என்பவர் வெஸ்டிங்ஹவுஸோடு சேர்ந்து ஓடும் ரயிலில் அளவெடுத்துப் பார்த்தார். சக்கரத்தை முழுக்கப் பூட்டினால் ரயில் சீக்கிரம் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு இன்னும் தூரம் போகிறது என்று அதில் தெரிந்தது. சிலிண்டரில் எத்தனை இறாத்தல் இருந்தாலும் கடைசியில் நிறுத்துவது இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வுதான், அது குறைவு, மழையில் இன்னும் குறைவு. வளைவில் எஞ்சின் லைட்டும் காட்டைத்தான் காட்டும், பாதையைக் காட்டாது.

ஒரு சின்னக் கணக்கு. நல்ல பிரேக், செக்கனுக்குச் செக்கன் 0.7 மீட்டர் வேகம் குறைகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள், யானையைக் கண்டு கை கைப்பிடிக்குப் போக இரண்டு செக்கன். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நிற்க 230 மீட்டர் வேண்டும். 30 இல் வந்தால் 70 மீட்டருக்குள் நின்றுவிடும். வேகம் பாதியானால் பிரேக் போட்டபின் ஓடும் தூரம் நாலில் ஒன்று. இரவில் அந்தத் துண்டில் கோச்சி ஊர்ந்து போகிறது, திருகோணமலைக்கு வர விடிந்துவிடுகிறது என்று முணுமுணுப்பவர்கள் அந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.